தெரிந்தும் சொல்லாத படிவங்கள்

இணையப் படிவத்தில் ஒரு தொகையைத் தட்டியதும் சிவப்பு எழுத்தில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. என்ன தவறு? இலக்கம் குறைகிறதா, எழுத்து கலந்துவிட்டதா, வரம்பைத் தாண்டிவிட்டதா? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நானும் நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வருகிறது. காரணம், அந்தப் படிவத்துக்கு விடை தெரியும். காலியா, எண்ணா, முழு எண்ணா, குறைந்தபட்சத்துக்குக் கீழா, அதிகபட்சத்துக்கு மேலா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏதோ ஒன்றில் இடறிய பிறகுதான் சிவப்பு எழுத்தே வருகிறது. எதில் இடறியது என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தை ஒட்டிவைப்பது சோம்பேறித்தனம்.

ஆதார் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நான்கு நான்கு இலக்கங்களாக இடைவெளி விட்டு அச்சிட்டிருக்கிறார்கள். பார்த்தபடியே தட்டுகிறோம். பெட்டியோ 12 எழுத்துகளுக்கு மேல் வாங்காது. இரண்டு இடைவெளிகளும் கணக்கில் சேர, பத்து இலக்கங்களோடு அடைத்துக்கொள்கிறது. பிறகு '12 இலக்கங்கள் தேவை' என்று நம்மையே அதட்டுகிறது! இங்கே பிழைச்செய்தியே தேவையில்லை. இடைவெளியை நீக்க ஒரு வரி நிரல் போதும். உண்மையிலேயே சொல்ல வேண்டிய இடம் வேறு. ஆதாரின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதாவது மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டுச் சேர்த்தது. ஓர் இலக்கம் மாறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ கணக்கு இடித்துவிடும். அப்போது 'ஏதோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று சொல்லலாமே.

வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இப்படித்தான். மொத்தம் 11 எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கில 'ஓ'வைத் தட்டுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 'குறியீடு செல்லாது' என்றால் அவர் பாஸ்புக்கைப் பார்த்து அதே 'ஓ'வை மறுபடியும் தட்டத்தான் போகிறார்.

பணத்தொகைப் பெட்டி இன்னும் மோசம். 1,50,000 என்று கமாவோடு எழுதுவது நம் பழக்கம். பெட்டியை 'எண்' வகை என்று அறிவித்திருந்தால், எண்ணாகப் படிக்க முடியாததைச் சில பிரவுசர்கள் வெற்றுச் சரமாகவே, அதாவது ஒன்றுமே தட்டாதது போல, நிரலிடம் கொடுக்கும். உடனே 'இந்தப் பெட்டியை நிரப்பவும்' என்று செய்தி வரும். கண்ணெதிரே தொகை இருக்கிறது, பெட்டி காலி என்கிறார்கள்! இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் 0 கிடைக்கும் என்பதால், 'தொகை 0-க்கு மேல் இருக்க வேண்டும்' என்ற விநோதமும் வரலாம்.

பிரிட்டன் அரசு இணையதளத்தின் வடிவமைப்புக் குழு 2020-இல் இந்த 'எண்' வகைப் பெட்டியைக் கைவிடச் சொன்னது. சாதாரண எழுத்துப்பெட்டியை வைத்து, கைபேசியில் எண் விசைப்பலகை மட்டும் எழும்படி செய்யச் சொன்னது. அவர்களுடைய பிழைச்செய்தி வழிகாட்டியில் 'செல்லாது' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'தயவுசெய்து', 'மன்னிக்கவும்' ஆகியவற்றுக்கும் இல்லை. முதலில் எனக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. ஆனால் யோசித்தால் சரிதான். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் வரம்பைச் சொல்லிவிட்டால் போதும். 'கடன் தொகை 10,000 முதல் 5,00,000 வரை இருக்க வேண்டும்' என்பதில் என்ன மரியாதைக் குறைவு? அந்த வரம்பைப் பெட்டிக்கு மேலேயே முதலில் எழுதிவைத்தால் பாதிப் பேருக்குப் பிழைச்செய்தியே வராது.

இதற்கெல்லாம் 'பாதுகாப்பு கருதித்தான் விவரம் தருவதில்லை' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அது நியாயம். பயனர்பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று சொல்வது திருடனுக்கு உதவும். வயது கேட்கும் பெட்டியில் 18-க்குக் கீழே ஏற்க மாட்டோம் என்று சொல்வதால் யாருடைய பெட்டகம் திறந்துவிடும்?