ஒன்பது மணிப் பள்ளிக்கு ஐந்தரை மணி டியூஷன்

பதினைந்து வயதுப் பையன் காலை ஏழு மணி வரை தூங்கினால் சோம்பேறிப் பட்டம் கட்டிவிடுகிறோம். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே சொக்கிய கண், இப்போது பதினொன்று ஆனாலும் மூடாது. செல்போன் அதை இன்னும் கெடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செல்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாலும் உடம்பு பழைய நேரத்துக்குத் திரும்பிவிடாது. இந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம்.

அப்படியானால் பள்ளியைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கலாமே என்றால், "பள்ளியைத் தாமதமாகத் திறந்தால் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள்" என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். படுக்கும் நேரம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. தூக்கம் மட்டும் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்பது சட்டம்.

நம் பள்ளிகள் ஒன்பது மணிக்கு மேல்தானே என்று கேட்கலாம். மணி அடிப்பதுதான் ஒன்பதுக்கு. எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ஐந்தே காலுக்கு ஈரத் தலையோடு டியூஷனுக்குக் கிளம்புகிறாள். இட்லி வேனுக்குள். எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் இன்னொன்று. வீட்டுப்பாடம் முடியப் பதினொன்றரை. "விடியற்காலையில் படித்தால்தான் மனத்தில் பதியும் அண்ணா" என்கிறார் அவள் அம்மா. படித்தது பதிவதற்கே தூக்கம் வேண்டும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

மகாராஷ்டிரத்தில் 2024இல் நான்காம் வகுப்பு வரைக்கும் ஒன்பது மணிக்கு முன் பள்ளி கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நல்லதுதான். ஆனால் சின்னஞ்சிறுசுகள் எப்படியும் சீக்கிரம் தூங்கிவிடும். தூக்கம் வராமல் புரள்வது அவர்களின் அண்ணனும் அக்காவும்.

இத்தனைக்கும் நம் பொதுத்தேர்வே காலை பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. பிறகு யாருக்காக இந்த ஐந்தரை மணி ஒத்திகை?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் காலைச் சிறப்பு வகுப்பை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். மதிப்பெண் குறைந்தால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். காலாண்டுத் தேர்வு வரைக்குமாவது நிறுத்திப் பாருங்கள், பிறகு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவோம் என்பேன்.