கிட் விமானத்தில் துணியும் சுவிட்சும்: கடைசியில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் விமானம், கட்டத் தொடங்கும் நண்பர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியோ, கருவிப் பலகையில் எந்தத் திரையைப் பொருத்தலாம் என்பதைப் பற்றியோதான். இறக்கையின் மேல் எந்தத் துணியை எந்தப் பசையால் ஒட்டுவது, விமானத்தின் மின்சாரத்தையே போட்டு அணைக்கும் மாஸ்டர் சுவிட்சாக எதை வாங்குவது என்னும் கேள்விகள் கடைசியில் வருகின்றன. வந்தாலும் எது மலிவு, எது பார்க்க அழகு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. திரை பழுதானால் அந்த நொடியே தெரிந்துவிடும். துணிக்கு அடியில் பசை நன்றாகப் பிடித்திருக்கிறதா, சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதெல்லாம் வேலை முடிந்து மூடிய பிறகு கட்டியவருக்கே தெரியாது. பிறகு பார்க்க முடியாத இடத்தில்தான் முதல் தேர்வு சரியாக இருக்க வேண்டும்.

நான் இங்கே பேசுவது கிட்ஃபாக்ஸ் போல எஃகுக் குழாய்ச் சட்டகமும் துணிப் போர்வையும் கொண்ட சிறு விமானங்களைப் பற்றி. அமெரிக்காவில் இவை பரிசோதனைப் பிரிவில் பதிவாகின்றன. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் தனிநபர்களே தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. சான்றளிக்கப்பட்ட விமானங்களுக்கு உள்ளதைப் போல, இந்தத் துணிதான், இந்தப் பசைதான் என்ற கட்டாயம் இங்கே இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு நிறுவனத்தின் துணி, இன்னொரு நிறுவனத்தின் பசை, கடையில் கிடைத்த ஏதோ ஒரு பெயின்ட் என்று கலந்துவிடுகிறார்கள். என் வாதத்தின் மையமே இதுதான்: துணி போர்த்தும் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பின்பற்றுங்கள், எந்த இடத்திலும் இன்னொன்றைக் கலக்காதீர்கள்.

இதற்கு ஸ்டீவ் விட்மனின் மரணத்தை விடக் கனமான சான்று எனக்குத் தெரியாது. பந்தய விமானங்களை வடிவமைத்துக் கட்டிப் பறந்தவர், பல தலைமுறைக் கட்டுநர்களுக்கு ஆசானாக இருந்தவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஆஷ்காஷ் விமான நிலையமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1995 ஏப்ரல் 27 அன்று, தம் 91ஆவது வயதில், தாமே வடிவமைத்துக் கட்டிய விமானத்தில் மனைவியுடன் ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷ் நோக்கிச் சென்றபோது, அலபாமா மாநிலத்தில் அந்த விமானம் வானிலேயே உடைந்து விழுந்தது. இருவரும் இறந்தனர். இறக்கைத் துணி சரியான முறையில் ஒட்டப்படாமல் பிரிந்து, அதனால் ஐலரானிலும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் பலகை) இறக்கையிலும் படபடப்பு, அதாவது கட்டுக்கடங்காத அதிர்வு, எழுந்து இறக்கை சிதைந்தது என்று விசாரணை கண்டறிந்தது. வாழ்நாள் முழுவதும் விமானம் கட்டிய ஒருவருக்கே இது நேர்ந்தது என்றால், அனுபவத்தை நம்பிக் கையேட்டை ஒதுக்கிவைக்கும் உரிமை நம்மில் யாருக்கும் கிடையாது.

இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது பாலியெஸ்டர் துணி. பழைய பருத்தித் துணியையும் அதை இறுக்கப் பூசிய, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் டோப் என்ற பூச்சையும் ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். பாலிஃபைபர் முறையில் பசை, இளஞ்சிவப்பு அடிப்பூச்சு, அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு, அதன் மேல் வண்ணம் என்று வரிசை உண்டு. ஸ்டூவர்ட் முறையில் பசையும் நிரப்புப் பூச்சும் நீரை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், வீட்டை ஒட்டிய கராஜில் வேலை செய்பவர்களுக்குக் கரைப்பான் நெடியின் தொல்லை குறைவு. ஜெர்மனியிலிருந்து வரும் ஒராடெக்ஸ் துணியில் பூச்சு ஏற்கெனவே இருப்பதால் பெயின்ட் வேலையே இல்லை. எடையும் மிச்சமாகும், ஆனால் துணியின் விலை அதிகம். மூன்றுமே நல்லவை. முதல் விமானம் கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது பாலிஃபைபர். காரணம் பழுதுபார்ப்பு. அதன் வண்ணப் பூச்சைக் கரைப்பானால் இளக்கிக் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிடலாம். பளபளப்புக்காக இரு கூறு யூரிதேன் பெயின்ட் அடித்தவர்கள் சிறு கிழிசலுக்கும் மணிக்கணக்கில் தேய்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் பெயின்ட் ஐலரான், வாலில் உள்ள எலிவேட்டர் ஆகிய அசையும் பலகைகளில் கீலுக்குப் பின்பக்கம் ஏறினால் சமநிலை மாறுகிறது. படபடப்புக்கு அதுவும் ஒரு வழி.

துணியை இழுத்துப் பிடிக்கவைப்பது வெப்பம். பாலிஃபைபர் முறையில் முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், முடிவில் 350 டிகிரி என்று இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்க்க வேண்டும். துணி எவ்வளவு சுருங்கும் என்பதை நிர்ணயிப்பது பெட்டியின் வெப்பநிலைதான். எவ்வளவு நேரம் தேய்த்தோம் என்பதல்ல. ஆகவே இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. அடித்தகட்டில் வெப்பமானியை வைத்துச் சூடு ஏறி இறங்குவதைப் பார்த்து, சரியான இடத்தில் திருகின் மேல் பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தால், துணி போதிய அளவு இறுகாது. மிகுந்தால், அது மறுபடியும் இறுகாதபடி தளர்ந்துவிடும். விரலால் சுண்டினால் மத்தளம்போல ஒலிக்கிறது என்று சிலர் மகிழ்வார்கள். பாதிச் சூட்டிலேயே அந்த ஒலி வந்துவிடும் என்பதால் அது அளவுகோல் ஆகாது.

பாலியெஸ்டருக்குப் பகை புற ஊதாக் கதிர். வெள்ளிப் பூச்சின் வேலை அழகு அன்று, அந்தக் கதிரை மறைப்பது. இறக்கைக்குள் மின்விளக்கைப் போட்டு வைத்து இருட்டில் வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் பூச்சு போதவில்லை. இந்தச் சோதனை வண்ணம் அடிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.

சுவிட்சுக்கு வருவோம். மேலே 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே பலர் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் 125 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கானது. மாறுதிசை மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை சுழியைத் தொடுவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். விமானத்தில் உள்ள நேர்திசை மின்சாரத்துக்கு அந்த வசதி இல்லை. அதோடு சுமையின் இயல்பும் முக்கியம். இழை விளக்கு குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால், சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கத்தைப் போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி கையேடு, 12 வோல்ட் அமைப்பில் இழை விளக்குக்கு 5 மடங்கும், மோட்டாருக்கு 2 மடங்கும் கணக்கிடச் சொல்கிறது. 4 ஆம்பியர் எடுக்கும் தரையிறங்கு விளக்குக்கு 20 ஆம்பியர் சுவிட்ச் வேண்டும். 24 வோல்ட் அமைப்பென்றால் விளக்குக்கு 8 மடங்கு. எல்இடி விளக்குக்கு மாறியவர்களுக்கு இந்த இழைத் தொல்லை இல்லை. மாறுவதற்கு என்னளவில் அதுவே போதுமான காரணம்.

மாஸ்டர் சுவிட்ச் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பதும் வழக்கமான தவறு. வழக்கமான அமைப்பில் அது கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்ச்) சுருளைத் தரையுடன், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த விமானச் சட்டகத்துடன், இணைக்கிறதே தவிர, ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் அதன் வழியே போவதில்லை. ஆனால் சுருளை அணைக்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் அந்தச் சுவிட்சின் தொடுமுனையை அரிக்கும். சுருளின் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு போட்டால் அது தீரும். சில ரூபாய்ப் பொருள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் பற்றவைப்புச் சுவிட்சில்தான் என் கவலை அதிகம். எஞ்சின் சுழற்சியிலேயே பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோ ஆனாலும், ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினில் உள்ள இரட்டை மின்னணுப் பற்றவைப்பு ஆனாலும், மின்சாரம் எஞ்சினுக்குள்ளேயே பிறக்கிறது. பேட்டரியை அணைத்தாலும் எஞ்சின் ஓடும். வானத்தில் அது பெரிய பாதுகாப்பு. அணைப்பதற்குச் சுவிட்ச் அந்தச் சுற்றைத் தரையுடன் இணைக்க வேண்டும். அதாவது, மற்றச் சுவிட்சுகளில் மூடினால் ஓடும், இதில் மூடினால் நிற்கும். மேல்நோக்கித் தள்ளினால் இயங்க வேண்டும் என்ற ஒழுங்கைப் பலகை முழுவதும் காப்பாற்ற வேண்டும் என்பதால், இந்தச் சுவிட்சில் மட்டும் கீழ்நிலையில் தொடுமுனை மூடும்படி கம்பி இணைக்க வேண்டும். கை தவறிப் பட்டால் விழாதபடி, இழுத்து நகர்த்தும் பூட்டு நெம்பு கொண்ட சுவிட்சையே இரண்டு பற்றவைப்புகளுக்கும் வாங்குங்கள்.

இந்தத் தரையிணைப்புக் கம்பி அறுந்தாலோ அதன் முனை கழன்றாலோ அந்தப் பற்றவைப்பு அணையவே அணையாது. பறப்பதற்கு முந்தைய சோதனையில் ஒரு பக்கத்தை அணைத்தும் சுழற்சி வேகம் சற்றும் குறையவில்லை என்றால், எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். தரையிணைப்புக் கம்பியைத் தேடுங்கள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை புரொப்பெல்லரின் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள். மேக்னெட்டோ எஞ்சினில் கையால் திருப்பினாலே அது பற்றிக்கொள்ளக்கூடும்.