ஆரஞ்சு தொலைத்த 'ந'

ஆரஞ்சு என்ற சொல் முன்பு 'ந'வில் தொடங்கியது, 'எ நாரஞ்ச்' (ஒரு நாரஞ்ச்) என்பதை ஆங்கிலேயர்கள் தப்பாகப் பிரித்து 'ஆன் ஆரஞ்ச்' ஆக்கிவிட்டார்கள் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. அந்தச் சொல் இங்கிலாந்துக்கு வரும்போதே 'ந' இல்லாமல்தான் வந்தது. பழைய பிரெஞ்சிலேயே அது 'ஒரெஞ்ச்'. பிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறத்தைப் பார்த்து நாக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஸ்பானியர்கள் இன்றும் 'நரன்ஹா' என்றே சொல்கிறார்கள். அதற்கு முன் அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் நாரத்தையும் மலையாளிகளின் நாரங்ஙாவும் அந்தக் குடும்பம்தான்.

நீங்கள் சொல்லும் பிரிப்புத் தவறு ஆங்கிலத்தில் நிஜமாகவே நடந்திருக்கிறது, வேறு சொற்களில். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முன்பு 'நேப்ரன்'. விரியன் வகைப் பாம்பான 'ஆடர்' முன்பு 'நாடர்' மாதிரி ஒன்று. அப்புறம், நம் கிரிக்கெட் அம்பயர்! அவரும் 'ந'வைத் தொலைத்தவர்தான். பழைய பிரெஞ்சில் 'நோன்பெர்', அதாவது இணை சேராதவர், இரண்டு கட்சிக்கும் பொதுவான மூன்றாவது ஆள்.