பட்டனை அமுக்கினால் டெஸ்ட் முடிந்துவிடுமா?

எங்கள் பனியன் கம்பெனியில் எமர்ஜென்சி லைட்டுக்கென்றே ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. மாதா மாதம் டெஸ்ட் செய்ததாக எல்லாப் பக்கத்திலும் 'ஓகே'. ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, தேதி மட்டும்தான் மாறும். துணி வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார் என்று தெரிந்ததும் ஒரே மூச்சில் உட்கார்ந்து மொத்த வருஷத்துக்கும் எழுதி முடித்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

போன வாரம் ராத்திரி ஷிஃப்டில் கரண்ட் போனது. மூன்றாவது மாடியில் பவர் டேபிள் தையலும் செக்கிங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் எமர்ஜென்சி லைட் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. அதற்குக் கீழே இருப்பது அதுகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சூப்பர்வைசரின் போன் சார்ஜரைச் சொருகி வைத்திருக்கிறார்கள்! வேலை செய்கிற அக்காமாரிடம் மட்டும் ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். டார்ச் அடிக்கக்கூட வழியில்லாமல், படியோரம் அடுக்கியிருந்த பீஸ் மூட்டைகளில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கினார்கள். வெறும் கரண்ட் கட்டுக்கே இந்தக் கதி. புகையும் சேர்ந்திருந்தால்?

மெயின்டனன்ஸில் கேட்டால், "லைட்டுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தோமே, எரிஞ்சுதே" என்கிறார்கள். இரண்டு நொடி அமுக்கினால் லைட் எரிகிறது என்று தெரியும். பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று அதில் எப்படித் தெரியும்? வெளியேறும் வழியில் தரைமட்டத்தில் 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், அதுவும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. நாம் துணி தைத்து அனுப்புகிற பிரிட்டனில் மாதம் ஒரு முறை எரிகிறதா என்று பார்ப்பது தனி. வருஷத்துக்கு ஒரு முறை சப்ளையை நிறுத்திவிட்டு முழு நேரமும் எரியவிட்டுப் பார்ப்பது தனி. அங்கே பெரும்பாலும் 3 மணி நேரம் எரிய வேண்டும். இங்கே வெயிலிலும் வெக்கையிலும் கிடக்கிற பேட்டரி சில வருஷத்தில் செத்துப்போகும். சார்ஜ் ஏறுகிற சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்து எல்லாரும் நம்பிக்கொண்டிருப்போம்.

"அதான் ஜெனரேட்டர் இருக்கே" என்று இன்னொரு பதில். தீப்பிடித்தால் முதல் வேலையே மெயினை இறக்குவதுதான். ஜெனரேட்டரையும் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். அந்த நேரத்துக்காகத்தானே தனி பேட்டரியோடு லைட் வைக்கச் சொல்கிறார்கள்?

இதெல்லாம் எங்கேயோ நடப்பது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். 59 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பால்கனியில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டி. அங்கே எமர்ஜென்சி லைட்டும் இல்லை, வழிகாட்டும் விளக்கும் எரியவில்லை என்பது வழக்கிலேயே வந்தது. தியேட்டர் வேறு, கம்பெனி வேறு என்பீர்களா? சரி, 2012 நவம்பரில் டாக்கா பக்கத்தில் தஸ்ரீன் கம்பெனி. நம்மைப் போலவே துணி தைத்தவர்கள், நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அலாரம் அடித்த பிறகும் "வேலையைப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லைட்டிங் சர்க்யூட்டின் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் மாடி மாடியாக நடந்து பாருங்கள். எது எத்தனை மணிக்கு அணைந்தது என்று உண்மையை எழுதுங்கள். அணைந்ததற்கு பேட்டரி மாற்றுங்கள். மூட்டையைப் படியிலிருந்து எடுங்கள். மொத்த வருஷத்துக்கும் ரிஜிஸ்டர் எழுத ஆள் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காதா?

இதை எழுதியே கொடுத்துவிட்டேன். "இந்த ஷிப்மென்ட் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். இந்த ஊரில் ஷிப்மென்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது?