சாமி கண்ணைக் குத்தவே இல்லையாம்

போன பிள்ளையார் சதுர்த்தி அன்று, படையலுக்கு எடுத்து வைத்திருந்த பூரணக் கொழுக்கட்டையில் ஒன்றை என் மகன் எடுத்துத் தின்றுவிட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மாமியார் பார்த்துவிட்டார். "படைக்கறதுக்கு முன்னாடி தின்னா சாமி கண்ணக் குத்திடும்டா" என்றார். அன்று பகல் முழுக்கப் பையன் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே திரிந்தான். ஒன்றாவது மிஞ்சட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்! மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அம்மா, சாமி கண்ணக் குத்தவே இல்ல. பாட்டி சும்மா சொல்லுது."

குரலில் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் ஏமாற்றமும் கலந்திருந்த மாதிரி எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீளமான பதிவு, நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சாமியை எப்படி அறிமுகம் செய்கிறோம்? பெரும்பாலும் போலீஸ்காரராகத்தான். சாப்பிட அடம் பிடித்தால் பூச்சாண்டி, பொய் சொன்னால் சாமி. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பூச்சாண்டி இல்லை என்பதைப் பிள்ளை ஐந்து வயதில் கண்டுபிடித்துவிடும். சாமி குத்தவில்லை என்பதை ஏழு வயதில். அதற்குப் பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி. "பயம் விட்டுப் போச்சுன்னா புள்ள கெட்டுப் போயிடும்மா" என்று மாமியார் சொல்கிறார். பயம் எப்படியும் விட்டுத்தான் போகும், அத்தை. அதை நம்பி வீடு கட்டினால் அது விட்டுப் போகிற அன்றைக்குக் கூரையும் சேர்ந்து போகிறது.

பயம் காட்டாமலும் பிள்ளையை வளர்க்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் எங்க ஆயாவைத்தான், பாட்டியைத்தான் சொல்வேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேவாரமோ திருப்புகழோ ஒரு வரிகூடத் தெரியாது. என்னை உட்கார வைத்துப் பக்தி, பண்பு என்று ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யும். படியில் அரிசியை அளந்து முறத்தில் கொட்டும். அன்றைக்கு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குச் சரியான அளவு, ஒரு மணி கூடாது குறையாது. அப்புறம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடும். பிடியரிசி.

ஐந்தாறு வயதில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தது. முதல் நாள் நான் புத்திசாலித்தனமாக அரிசிப் பானையிலிருந்தே ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போட்டேன். ஆயா கையைப் பிடித்துக்கொண்டது. "பானையில இருந்து எடுத்தா அது பானையோடது. நமக்குன்னு அளந்ததுல இருந்து எடு." அதாவது அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குறைவாகச் சாப்பிடுவோம். அது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. ஆனால் கைக்கு அன்றே தெரிந்துவிட்டது.

கலயம் தைப்பூசத்துக்கு வடலூர் போகும். வள்ளலார் 1867 மே மாதம் அங்கே தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது கூட்டத்தில் எனக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். என் நினைவில் நிற்பது ஜோதி இல்லை, அந்த அடுப்பின் அனல். "நீ போட்ட அரிசியும் இதுல வேவுது" என்று ஆயா காதுக்குள் சொன்னது. பசித்தவர் யார் என்ன சாதி என்று கேட்காமல் போடுகிற சோறு அது என்று பின்னால் பாடப் புத்தகத்தில் படித்தபோது, எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது. பள்ளியில் கூடப் படித்த கிறித்தவத் தோழியின் வீட்டிலும் இப்படி ஒரு கலயம் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ரம்ஜான் மாதத்தில் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றதும் நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் அந்த வரிசையில் நிற்காத பிள்ளையே கிடையாது.

இப்போது பாருங்கள். காலையில் செல்போனில் சுப்ரபாதம் ஓடுகிறது. அதே போனில் அப்பா வாட்ஸ்அப்பில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளை எதைப் பார்க்கும்? சனிக்கிழமை சுலோக வகுப்பு, கோடை விடுமுறையில் நற்பண்பு முகாம், இரண்டுக்கும் கட்டணம் உண்டு. டியூஷன் போலவே ஆகிவிட்டது.

மார்கழியில் திருப்பாவை ஒப்புவித்தல் போட்டி ஒன்றுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். ஊர் எதுவென்று சொல்லப் போவதில்லை. முப்பது பாசுரத்தையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்ன சிறுமிக்குத்தான் முதல் பரிசு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அருமையாகச் சொன்னாள். பரிசு கொடுக்கும்போது சும்மா கேட்டேன்: "தீக்குறளைச் சென்றோதோம்னு சொன்னியே, என்னம்மா அர்த்தம்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெட்ட திருக்குறள் எல்லாம் சொல்ல மாட்டோம், மிஸ்" என்றாள். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. குறளை என்றால் கோள் மூட்டுவது. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் போய்ப் பொல்லாங்கு சொல்ல மாட்டோம் என்று மார்கழிக் குளிரில் பிள்ளைகள் சேர்ந்து எடுக்கிற உறுதிமொழி அது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிற விஷயம் உண்டா? வகுப்பில் ஒரு நாளைக்கு எனக்கு வருகிற புகார்களில் பாதி கோள்தானே. அந்த வரியின் பொருளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால் மீதி இருபத்தொன்பது பாசுரம் மனப்பாடம் ஆகாவிட்டால்தான் என்ன?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினேழு வருஷமாக டீச்சர். "ஸ்கூல்லயே சாமி, பக்தி எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டா நல்லாருக்கும்ல" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அரசுப் பணத்தில் மட்டுமே நடக்கிற பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. கேரளாவில் 1985இல் தேசிய கீதம் பாடவில்லை என்று மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். யெகோவா சாட்சிகள் குடும்பம். பிள்ளைகள் எழுந்து மரியாதையாக நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் அரசமைப்பும் சகிப்பைத்தான் சொல்கின்றன, அதை நீர்க்கவிடாதீர்கள் என்ற பொருளில் தீர்ப்பை முடித்திருந்தார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. எங்கள் பள்ளிக் காலை வணக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று பேரின் ஞாபகம் எனக்கு வரும். முறைக்க வந்த கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

மதம் வீட்டு வேலை. அதற்காகப் பள்ளிக்கு இதில் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உட்காருகிற இடம் பள்ளி ஒன்றுதான். அது எந்த வீட்டிலும் கிடைக்காது.

போன வருஷம் என் ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா திடீரென்று இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தாள். அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது, செரிமான மண்டலம். நடுவில் எழுந்து கேட்டாள்: "டீச்சர், செத்துப் போனவங்க எங்க போவாங்க?"

பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. என் வீட்டுப் பதிலைச் சொல்லலாம், ஆனால் அது என் வீட்டுப் பதில். "எனக்குத் தெரியலம்மா" என்றேன். சாக்பீஸை வைத்துவிட்டு, "உங்கவுங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்று மற்றவர்களைக் கேட்டேன்.

ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா காக்காவா வருவாரு டீச்சர், தயிர் சோறுன்னா உடனே வருவாரு" என்றான். ஒரு முஸ்லிம் பெண், அடக்கம் பண்ணும்போது ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவார்கள், அவள் அண்ணன் சின்னப் பையனாக இருந்தும் போட்டான் என்றாள். இன்னொருத்தி நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று பாட்டி கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி வைப்பதைச் சொன்னாள். கடைசி பெஞ்ச்சில் இருந்த ஒருவன், அவன் வீட்டில் சாமி கிடையாது, தாத்தா கறுப்புச் சட்டைக்காரர், தயங்கித் தயங்கி எழுந்தான். "எங்க தாத்தா எங்கயும் போகல டீச்சர். பெரியாஸ்பத்திரி காலேஜுக்குக் கொடுத்துட்டோம். டாக்டருக்குப் படிக்கறவங்க அவர வெச்சுத்தான் படிப்பாங்களாம்."

அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க அவருக்குப் போர்த்திவுடுவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. "ம், வெள்ளைத் துணி இருக்கும்" என்றான் அவன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. சிறுகுடலைப் பற்றி மறுநாள்தான் நடத்தினேன்.

அன்று நடந்தது ஆன்மீகமா என்று கேட்டால், கறுப்புச் சட்டைத் தோழர்கள் அந்தச் சொல்லே வேண்டாம், மனிதநேயம் என்று சொல் என்பார்கள். சொல்லுங்கள், எனக்குச் சொல்லில் சண்டையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இருபது நிமிஷம் ஒதுக்க எந்தப் பாடவேளையிலும் இடமில்லை என்பதில்தான் சண்டை. இதற்கென்று தனிப் பாடம் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாடம் வந்தால் தேர்வு வரும். தேர்வு வந்தால் நோட்ஸ் வரும். தெரிந்தவர் மகள் படிக்கும் ஒரு பள்ளியில் நன்னெறித் தேர்வு வைத்தார்கள். கருணை என்றால் என்ன என்ற கேள்விக்கு "எங்கள் தெரு நாய்க்குக் கால் ஒடிந்தபோது அப்பா கட்டுப் போட்டது" என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, புத்தகத்தில் உள்ளபடி எழுதவும் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கண் குத்தாத மறுநாள் பையனிடம் பாட்டி சொன்னது பொய் என்றும் சொல்லவில்லை, நிஜம் என்றும் சொல்லவில்லை. ஆயாவின் கலயம் என்னிடம் இல்லை, என்றைக்கோ உடைந்துபோயிற்று. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அடுப்படியில் வைத்தேன். குக்கருக்கு அரிசி அளந்ததும் அவனைக் கூப்பிடுவேன். அளந்ததிலிருந்து ஒரு பிடி. அவன் கை சின்னது, அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கேட்டான்: "இத யாரும்மா எண்ணுவாங்க?"

"யாரும் எண்ண மாட்டாங்க."

"நான் ஒரு நாள் போடலன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"கண்ணு?"

"அதுக்கும் ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப நேத்து நான் ரெண்டு புடி போட்டது யாருக்குமே தெரியாதா?" என்றான்.

நடுவில் பத்து நாள் மறந்தும் போனோம், அதையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு வடலூர் போக எடுத்து வைக்கலாம் என்று நேற்று பாட்டிலைத் திறந்தால் பாதிக்கு மேல் இட்லி அரிசி. நான் சமையலறையில் இல்லாத நாட்களில் என் மகன், சின்னத் துரை, கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து போட்டிருக்கிறார். அளந்ததும் இல்லை, சோற்றரிசியும் இல்லை. "கொட்டிப் பொறுக்கிப் பிரிக்கலாம்" என்கிறார் மாமியார். "அப்படியே கொண்டு போங்க, வேற அரிசிகூடச் சேர்ந்து வெந்துடும்" என்கிறார் கணவர். இதை எழுதும்போது முறத்தில் கொட்டி மூன்று பேரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.