ஒரு விரல் கூட்டி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. துக்கம் கேட்க வந்த ஒருவர் என் தம்பியிடம், "அப்பா நெஜ மிலிட்டரி இல்லையே, ரோடு போடுற பட்டாளம்தானே?" என்றார். அவர் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் உண்டு, அதனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்பா கிரெஃபில் டோசர் ஆபரேட்டர். எல்லைச் சாலைகள் அமைப்பின் ஆள்படைதான் கிரெஃப். அந்த அமைப்பை 1960 மே 7-ஆம் தேதி தொடங்கினார்கள். அப்பா 1975-ல் சேர்ந்தார், 2013-ல் ஓய்வு பெற்றார். அருணாசலத்தில் வர்தக், லடாக்கில் ஹிமாங்க், மிசோரமில் புஷ்பக் என்று சாலைத் திட்டங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் நானும் தம்பியும் அவற்றை ஊர்ப் பெயர்கள் என்றே நினைத்தோம். "அப்பா ஹிமாங்க்ல இருக்காரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன்.

லடாக்கைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். கர்துங் லா கணவாயில் மஞ்சள் பலகை பக்கத்தில் நின்று எடுத்த படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. பலகையில் 18,380 அடி என்று இருக்கும். பிற்பாடு ஜிபிஎஸ் வைத்து அளந்தபோது 17,582 அடிதான் வந்தது. இதைத் தம்பி ஒருநாள் சொன்னபோது, "எண்ணூறு அடி கொறஞ்சா மூச்சு நல்லா வந்துடுமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் படிக்கப் போய்விட்டார். அங்கே கடல் மட்டத்தில் கிடைக்கும் காற்றில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். குளிரில் டீசல் கூழாகிவிடும். விடியற்காலையில் டோசருக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றிய பிறகுதான் இன்ஜின் உயிர் பெறும். தார் போட வருஷத்தில் சில மாதங்கள்தான் வாய்க்கும். மற்ற நாளெல்லாம் பனியைத் தள்ளுவது, சரிந்து கிடக்கும் மலையை ஒதுக்குவது. சரிவு விழுந்த இடத்தில் முதலில் போவது டோசர்தான். மேலே இருந்து கல் உருள்கிறதா என்று ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் விசில் அடித்தால் வண்டியை விட்டுக் குதிக்க வேண்டும். சில நேரம் விசில் சத்தத்துக்கு முன்னால் கல் வந்துவிடும். அந்தச் சாலைகளின் ஓரத்தில் சின்னச் சின்ன நினைவுக்கற்கள் நிற்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பாவோடு ஒரே கூடாரத்தில் இருந்த இரண்டு பேரின் பெயர்கள் அப்படிக் கல்லில் இருக்கின்றன. ஜார்க்கண்டிலிருந்து கூலிக்கு வந்து செத்தவர்களில் பலருக்கு அந்தக் கல்லும் இல்லை என்று அவர் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

சரி, 'நெஜ மிலிட்டரி' விஷயத்துக்கு வருகிறேன். 1983-ல் உச்ச நீதிமன்றம் விஸ்வன் வழக்கில் கிரெஃப் ஆயுதப் படைகளின் பிரிக்க முடியாத அங்கம் என்று தீர்ப்பளித்தது. எதற்காகச் சொன்னது? ராணுவச் சட்டத்தின் ஒழுங்கு விதிகள் இவர்களுக்கும் செல்லும், சங்கம் வைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்காக. ஆனால் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள் இவர்கள் வருவதில்லை. தண்டிக்கும்போது சிப்பாய், சலுகை கேட்கும்போது சிவிலியன். தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னாள் படைவீரர் பிள்ளை என்று சான்று கேட்டு அப்பா ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் போகவில்லை. கோபப்பட்டுப் பேசவும் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பீரங்கி அந்த மலைமேல் ஏறுவதே இவர்கள் வெட்டிய பாதையில்தான்.

அப்பா வீட்டில் இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் வருஷத்துக்கு இரண்டு மாதம் தேறும். காட்பாடியில் ஹிம்சாகர் ரயில் ஏறினால் ஜம்மு போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அப்புறம் மலைப் பயணம். அதற்காக அவர் குடும்பத்தைக் கவனிக்காதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரியோடு நீல நிற இன்லேண்ட் கடிதம் மாதத்துக்கு இரண்டு வரும். விடுப்புக்கு முந்தின கடிதத்தில் தவறாமல் ஒரு வேலை கொடுத்திருப்பார். பிள்ளைகளின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்லுவார். கூச்சத்தில் நான் காலை இழுத்துக்கொள்வேன், அம்மா முட்டியைப் பிடித்து அழுத்திக்கொண்டு வரைவார். அந்த அளவுக்கு ஜம்முவில் ஷூ வாங்கி வருவார். ஊர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகளின் கால் வளர்ந்துவிடும் என்று ஒரு விரல் கூட்டி வாங்குவார். ஒரு தடவைகூட ஷூ கடித்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவே அவருக்கு ஹிமாங்க் ஆகிவிட்டது. மழை விட்டதும் மண்வெட்டியோடு கிளம்பி ஓரக் கால்வாயைத் தோண்டிவிடுவார். "தண்ணி போக வழி வுடாத ரோடு, ரோடே இல்ல" என்று என் மகளிடம் பாடம் நடத்துவார். தெருவில் சிலர் சிரித்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். சர்வீஸ் புத்தகம், கம்பளிக் கையுறை, அவற்றுக்கு அடியில் ஒரு பாலிதீன் உறை. உறைக்குள் எங்கள் பாதங்கள். என்னுடையது, தம்பியுடையது, வருஷவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தேதியும் 'ஒரு விரல் கூட்டி' என்ற குறிப்பும் எழுதியிருந்தார். கடைசியில் இன்னொரு தாள். அந்தப் பாதம் எங்கள் இரண்டு பேருடையதும் இல்லை, பெரியவர்கள் கால். அம்மா வாங்கிப் பார்த்தார். "கல்யாணம் ஆன வருஷம். செருப்பு வாங்கியாந்தாரு" என்றார். பிறகு தாளைத் தரையில் வைத்து, அதன் மேல் காலை வைத்துப் பார்த்தார்.