தேங்க்ஸ்கிவிங் மேசையில் இருப்பவை, கதையில் இல்லாதவர்கள்

நவம்பர் பாதி தாண்டியதும் அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'அமெரிக்கப் பொங்கல் வாழ்த்துகள்' என்று படம் படமாக வரத் தொடங்கிவிடும். அவர்கள் சொல்வது தேங்க்ஸ்கிவிங்கை. அறுவடைக்கு நன்றி சொல்கிற நாள், சொந்தபந்தம் கூடிச் சாப்பிடுகிற நாள் என்கிற அளவில் ஒப்பீடு புரிகிறது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். பொங்கலில் நன்றி யாருக்கு என்பதில் குழப்பமே கிடையாது. சூரியனுக்குப் படையல் உண்டு, உழுத மாட்டுக்கென்று தனியாக ஒரு நாளே உண்டு. தேங்க்ஸ்கிவிங் மேசையில் இருக்கிற சாப்பாட்டில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பூர்வகுடிகள் முதன்முதலில் பயிர் செய்தது, அல்லது பழக்கியது, அல்லது பறித்துத் தின்றது. அந்த மக்களைப் பள்ளிக்கூடக் கதை ஒரு இறகுத் தொப்பியோடு ஓரத்தில் நிற்க வைத்துவிட்டது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேஃப்ளவர் கப்பலில் பில்கிரிம்கள் என்ற ஆங்கிலேயக் குடியேறிகள் வந்தார்கள், குளிரில் கஷ்டப்பட்டார்கள், அன்பான 'இந்தியர்கள்', அதாவது பூர்வகுடிகள், மக்காச்சோளம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள், அறுவடை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து வான்கோழி சாப்பிட்டார்கள், அன்றிலிருந்து இந்தப் பண்டிகை. இங்கே வளர்கிற நம் பிள்ளைகளும் காகித இறகு ஒட்டிய தொப்பியோடு வீட்டுக்கு வந்து இதைத்தான் சொல்கிறார்கள். இதில் 'அன்றிலிருந்து' என்ற சொல் இருக்கிறதே, அது சுத்தமாகப் பொய். மற்றவை பாதி உண்மை.

1621 இலையுதிர் காலத்தில், இன்றைய மாசசூசெட்ஸில் பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத்தில் ஒரு விருந்து நடந்தது நிஜம். அதை நேரில் பார்த்து எழுதியவர் அந்தக் குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் சில வரிகள், அவ்வளவுதான். அறுவடை முடிந்ததும் ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார், ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குப் போதுமான பறவைகள் கிடைத்தன, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மசசாய்ட் தன் ஆட்கள் சுமார் 90 பேரோடு வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, வந்தவர்கள் வெளியே போய் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டு வந்தார்கள். நன்றி நாள் என்ற பேச்சே அதில் இல்லை. விருந்துக்கு அழைத்தோம் என்றும் இல்லை. அப்போது உயிரோடு இருந்த ஆங்கிலேயர்கள் சுமார் ஐம்பது பேர். வந்த வாம்பனோக் மக்கள் அதைவிட அதிகம். யார் வீட்டு விருந்தில் யார் விருந்தாளி என்று இந்த எண்ணிக்கையை வைத்து யோசித்துப் பாருங்கள்.

அந்த ஊரின் கதையையும் சொல்லியாக வேண்டும். பிளிமத் காலி நிலத்தில் எழுந்த ஊர் கிடையாது. அங்கே பட்டுக்ஸெட் என்ற வாம்பனோக் கிராமம் இருந்தது. 1616 முதல் 1619 வரை ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்துபோனது. திருத்திய வயல்கள் மட்டும் மிஞ்சின, அதில்தான் வந்தவர்கள் விதைத்தார்கள். விதையும் அவர்களுடையது கிடையாது. 1620 நவம்பரில் கேப் காட் பக்கம் கரை இறங்கியபோது, பூர்வகுடிகள் குழி தோண்டிப் புதைத்து வைத்திருந்த சோளத்தைக் கண்டெடுத்து எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு அதற்கு ஈடு கொடுத்தார்கள் என்றாலும். அடுத்த வசந்தத்தில் மண்ணில் போட்டது அந்தச் சோளம். வின்ஸ்லோவின் கடிதத்திலேயே விளைச்சல் கணக்கும் இருக்கிறது. இருபது ஏக்கர் சோளம் நன்றாக வந்தது, பார்லி சுமார், இங்கிலாந்திலிருந்து வந்த பட்டாணி பறிக்கக்கூட லாயக்கில்லை. ஆக அந்த விருந்துக்குக் காரணமான அறுவடை என்பது பெரும்பாலும் வாம்பனோக் விதை, வாம்பனோக் நிலம், வாம்பனோக் விவசாய முறை.

அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தவர் டிஸ்குவான்டம். ஸ்குவாண்டோ என்று பாடப் புத்தகங்களில் வருவார், சிரித்த முகத்தோடு மீனைச் சோளக் குழியில் வைத்துக் காட்டுகிற படமாக. அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று எந்தக் குழந்தையும் கேட்காமலா இருக்கும்? 1614ல் ஒரு ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் வேறு பலரையும் பிடித்துக் கொண்டுபோய் ஸ்பெயினின் மாலகா துறைமுகத்தில் அடிமைகளாக விற்கப் பார்த்தான். அங்கிருந்து எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619ல் ஊர் திரும்பினால் பட்டுக்ஸெட்டில் ஒரு ஆள் இல்லை. தன் ஊர்க்காரர்கள் செத்துக் கிடந்த மண்ணில் புதிதாக வந்தவர்களுக்கு விதைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1622லேயே இறந்தும்போனார். இதைக் குழந்தைகளிடம் சொல்ல முடியாதா? முடியும். ராமாயணத்தில் காட்டுக்குப் போவதையும், மகாபாரதத்தில் சபையில் நடந்ததையும் நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோமே.

அந்த மூன்று நாள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு மான் தவிர உறுதியான பட்டியல் கிடையாது. பறவைகள் என்றால் வாத்தும் காட்டு வாத்தும் இருந்திருக்கும், வான்கோழியும் இருந்திருக்கலாம். அந்தக் காலனியின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் அந்தப் பருவத்தில் காட்டு வான்கோழி நிறையக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். கடலோர ஊர் என்பதால் விலாங்கு, சிப்பி, மீன் எல்லாம் தாராளம். இல்லாதது எது என்று சொல்வதுதான் எளிது. கோதுமை மாவு இல்லை, வெண்ணெய்க்கு மாடு இல்லை, சர்க்கரை இருந்தாலும் துளிதான், அதனால் பம்ப்கின் பை என்ற பரங்கிப் பலகாரம் இல்லை, இனிப்பு கிரான்பெர்ரி சாஸ் இல்லை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போய், அங்கிருந்து வட அமெரிக்காவின் அந்தப் பகுதிக்குப் பயிராக வந்து சேர இன்னும் நூறு வருடம் ஆனது. இன்று 'பாரம்பரியம்' என்று நாம் வாங்குகிற பட்டியலில் முக்கால்வாசி அந்த மேசையில் கிடையாது.

சரி, அதற்கு அப்புறம் என்ன ஆனது? இந்தப் பகுதியை வாழ்த்துப் படங்கள் தாண்டிப் போய்விடும். நான் தாண்ட விரும்பவில்லை. 1637ல் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் ஊரைத் தீ வைத்துக் கொளுத்தி, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அந்த வெற்றிக்காகக் காலனிகளில் நன்றி நாள் கொண்டாடப்பட்டது. மசசாய்ட்டின் மகன் மெட்டகாம், 'கிங் பிலிப்' என்று ஆங்கிலேயர்கள் அழைத்தவர், 1675ல் போரில் இறங்கினார். 1676ல் அவரைக் கொன்று தலையை பிளிமத்தில் கம்பத்தில் நட்டார்கள், பல ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. பிடிபட்டவர்கள் பலரைக் கரீபியன் தீவுகளுக்கு அடிமைகளாக விற்றார்கள். அப்பா விருந்து சாப்பிட்ட ஊரில் மகனின் தலை. ஐம்பத்தைந்து வருடத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

இன்றைய பண்டிகை உருவானது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, வேறு ஒரு காரணத்துக்காக, வேறு ஒருவர் கையால். அவர் சாரா ஜோசஃபா ஹேல். எனக்கு இவர் மேல் பெரிய மரியாதை உண்டு. 1822ல் கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகள், எழுத்தை நம்பிக் குடும்பத்தை நடத்தினார். 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' பாட்டை நம் பிள்ளைகள் மழலையர் பள்ளியில் பாடுகிறார்களே, அது அவர் எழுதியதுதான். 1827ல் வந்த அவருடைய நாவலில் நியூ இங்கிலாந்து வீடு ஒன்றின் தேங்க்ஸ்கிவிங் விருந்து ஒரு அத்தியாயம் முழுக்க வருகிறது, மேசையின் தலைப்பக்கத்தில் வறுத்த வான்கோழி, கடைசியில் பம்ப்கின் பை. இன்றைய மேசை பெரும்பாலும் அதுதான். பின்னாளில் கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெரிய பெண்கள் பத்திரிகையின் ஆசிரியராக இருந்துகொண்டு, நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று 17 ஆண்டுகள் போல எழுதினார், ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் போட்டார். நாடு இரண்டாக உடைவதைத் தடுக்க ஒரு பொதுப் பண்டிகை உதவும் என்று அவர் நம்பினார். உடைந்துபோன பிறகுதான் பலித்தது. உள்நாட்டுப் போரின் நடுவில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதத்தில், 1863 அக்டோபர் 3ல் லிங்கன் அறிவித்தார். அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள், சின்னதுதான். விளைந்த வயல்கள் வருகின்றன, போரில் கணவரை இழந்தவர்களும் அனாதைகளான குழந்தைகளும் வருகிறார்கள். பில்கிரிம்கள் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பிளிமத் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்றால், 1841ல் அலெக்சாண்டர் யங் என்ற பாதிரியார் வின்ஸ்லோவின் கடிதத்தைப் பதிப்பித்தபோது 'இதுதான் முதல் தேங்க்ஸ்கிவிங்' என்று ஒரு அடிக்குறிப்பு போட்டார். அந்த அடிக்குறிப்புதான் வளர்ந்து, ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை அமெரிக்கர்களாக்கும் பாடமாக, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கும் அதே பாடம். தேதியும் ஒரே சீராக வந்ததில்லை. 1939ல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் கூட்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்கூட்டியே வைக்க, பாதி மாநிலங்கள் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தேங்க்ஸ்கிவிங் நடந்தது. 1941ல்தான் நவம்பர் நான்காவது வியாழன் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

அப்படியானால் பண்டிகையே வேண்டாமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லவில்லை. மதம் கேட்காத, பரிசு கேட்காத, யாரையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிற பண்டிகை இது. ஊரில் யாரும் இல்லாமல் தனியாகப் படிக்க வந்த மாணவர்களை இந்த நாளில்தான் முன்பின் தெரியாத குடும்பங்கள் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகின்றன. நம் வீடுகளில் வான்கோழிக்குள் இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் தடவி வைக்கிறோம், மிச்சத்தில் மறுநாள் பிரியாணி போடுகிறோம், சைவ வீடுகளில் கத்தரிக்காய் குழம்பும் பாயசமும் மேசைக்கு வருகின்றன. இதெல்லாம் இருக்கட்டும், இன்னும் பெருகட்டும். எனக்கு வேண்டியது, கதையைச் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது.

மக்காச்சோளம் மெக்சிகோவில் ஒரு புல்லிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து உருவாக்கிய தானியம். தானாக உதிர்ந்து முளைக்காது, மனிதக் கை வேண்டும். அதோடு பீன்ஸையும் பரங்கியையும் ஒரே மேட்டில் சேர்த்து நட்டார்கள். பீன்ஸ் கொடி சோளத் தண்டில் ஏறும், அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், பரங்கி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். அமெரிக்காவின் வடகிழக்குப் பூர்வகுடிகள் இவற்றை மூன்று சகோதரிகள் என்கிறார்கள். நாம் விரும்பிச் சாப்பிடுகிற சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களில் விளைந்ததுதான். வான்கோழியை மெக்சிகோவில் வீட்டுப் பறவையாகப் பழக்கினார்கள், ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு ஆங்கிலேயக் குடியேறிகளோடு அதே பறவை கடல் தாண்டித் திரும்பி வந்தது. கிரான்பெர்ரி மாசசூசெட்ஸின் சதுப்பு நிலங்களில் தானாக விளைகிற பழம். மார்த்தாஸ் வினியர்ட் தீவில் இருக்கிற அக்வின்னா வாம்பனோக் மக்கள் இன்றும் அக்டோபர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கிரான்பெர்ரி நாள் கொண்டாடுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழம் பறிக்கிறார்கள். உண்மையான அறுவடைத் திருநாள் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது, பொங்கலோடு ஒப்பிடத் தகுந்தது. பச்சை பீன்ஸ் கேசரோல் 1955ல் ஒரு சூப் கம்பெனியின் சமையலறையில் பிறந்தது, அதையும் பாரம்பரியம் என்கிறோம். சாப்பிடுவதில் குறையில்லை, ஆனால் அந்தச் செய்முறை யாருடையது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, டோர்காஸ் ரெய்லி என்று பெயரோடு. சோளத்தை உருவாக்கியவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

1970ல் பில்கிரிம்கள் வந்திறங்கியதன் 350ஆம் ஆண்டு விழாவுக்கு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரைப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, இதைப் பேச முடியாது, மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் அன்று அவரும் மற்றப் பூர்வகுடிகளும் பிளிமத்தில் மசசாய்ட் சிலை நிற்கிற கோல்ஸ் ஹில் குன்றில் கூடினார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே வியாழக்கிழமை அங்கே தேசியத் துக்க நாள் நடக்கிறது. விருந்துக்கு நாம் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் அவர்கள் உண்ணாமல் இருக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு வருடமாவது பிள்ளைகளோடு போய் நின்று கேளுங்கள்.

போக முடியாதவர்கள் மேசையில் ஒரு பதார்த்தம் கூட்டுங்கள். வாம்பனோக் மக்களின் நசாம்ப், செய்வது மிக எளிது. கடையில் கிடைக்கிற மக்காச்சோளக் குருணை ஒன்றரை கப், தண்ணீர் நான்கு கப். கொதித்த பிறகு தீயைக் குறைத்து, நம் கேழ்வரகுக் கூழ் மாதிரி அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வெந்ததும் ஸ்ட்ராபெர்ரியோ புளூபெர்ரியோ ஒரு கப், பொடித்த வால்நட் அரை கப் சேர்த்துக் கெட்டியாக இறக்குங்கள். இனிப்பு வேண்டுமென்றால் மேப்பிள் சிரப். பிள்ளைகளை விட்டுக் கிளறச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஆகும், டிஸ்குவான்டம் கதையைச் சொல்ல அந்த நேரம் போதும்.